மறு: 'பிளெய்ன் லாங்குவேஜ் சம்மரி'க்கு ஒரு கலைச்சொல்

வணக்கம்.

ஆய்வுக் கட்டுரை சொல்வதைத் துறைக்கு வெளியே உள்ளவருக்கும் புரியும்படி எளிய நடையில் எழுதித் தரும் பகுதிதான் 'பிளெய்ன் லாங்குவேஜ் சம்மரி'. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகள்: பாமரர் சுருக்கம், எளியநடைச் சுருக்கம், பொதுவாசகர் சுருக்கம். 'பாமரர்' வேண்டவே வேண்டாம். வானியல் கட்டுரைக்கு முன்னால் இதய மருத்துவரும் பாமரர்தான். ஆனால் தலைப்பிலேயே அப்படி அழைத்தால் யார் படிப்பார்?

மற்ற இரண்டிலும் இடிப்பது 'சுருக்கம்'. 'அப்ஸ்ட்ராக்ட்'டை ஏற்கெனவே ஆய்வுச்சுருக்கம் என்கிறோம். ஒரே பக்கத்தில் இரண்டு சுருக்கம் இருந்தால், இரண்டாவது முதலாவதை இன்னும் நறுக்கியது என்றே தோன்றும். அப்படி நறுக்கி எழுதப்படுவதல்ல இது. பிளாஸ் (PLOS) பதிப்பகத்தின் அறிவியல் இதழ்கள் சிலவற்றில் 150–200 சொல் கேட்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் (Cochrane) அமைப்பின் மதிப்பாய்வுகளில் 850 சொல் வரை போகலாம். நீளம் இதற்கு இலக்கணமே இல்லை. என் பரிந்துரை: தெளிவுரை.

---

> என் பரிந்துரை: தெளிவுரை.

ஐயா, சொல் அழகுதான், எனக்குத் தயக்கம் இருக்கிறது. குறள் பதிப்புகளில் மூலம் மேலே, தெளிவுரை கீழே. இங்கே வாசகர் மூலத்தைத் திறக்கவே போவதில்லை. எழுதியது தனித்து நிற்கவேண்டும்.

இன்னொன்று, 'உரை' என்றால் உரையாசிரியர் தம் கருத்தையும் சேர்ப்பார் என்ற எதிர்பார்ப்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 536/2014 ஒழுங்குமுறைப்படி, மருந்தாய்வு முடிந்து ஓராண்டுக்குள் பொதுவாசகருக்குப் புரியும் சுருக்கம் ஒன்றையும் பதிவேற்றவேண்டும். அதில் என்னென்ன இடம்பெற வேண்டும் என்று ஐந்தாம் பின்னிணைப்பு வரிசைப்படுத்துகிறது. அங்கே எழுதுபவர் தம் கருத்தை நுழைக்க இடமில்லை.

---

> எழுதியது தனித்து நிற்கவேண்டும்.

சரி. ஆனால் எழுத உட்கார்ந்தால் நேரம் எதற்குப் போகிறது என்று பாருங்கள். கட்டுரையில் 'இடர் 50% குறைந்தது' என்று இருக்கிறது. அப்படியே இறக்கினால் பாதிப் பேர் தப்பித்தார்கள் என்று படிப்பார்கள். கட்டுரையின் அட்டவணைக்குப் போய் மூல எண்ணிக்கையை எடுத்து, 'மருந்து எடுக்காத 1000 பேரில் 4 பேருக்கு வந்தது. எடுத்த 1000 பேரில் 2 பேருக்கு வந்தது' என்று எழுதவேண்டும். மூன்று சொல் இரண்டு வாக்கியமாகிவிட்டது. இதைச் சுருக்கம் என்று எப்படிச் சொல்வது?

'பிளசிபோ'வும் அப்படித்தான். 'போலி மருந்து' என்று போட்டால் கள்ளச்சரக்கு என்று பொருள்பட்டு, ஆய்வில் சேர்ந்தவர்களை ஏமாற்றியதாக ஆகிவிடும். மருந்துப்போலி என்று எழுதி, பக்கத்திலேயே 'பார்க்க அதே மாத்திரை, உள்ளே மருந்து இல்லை' என்று விளக்கினால்தான் சரி. 'புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க வேறுபாடு' இன்னும் மோசம். 'குறிப்பிடத்தக்க' என்பதைப் பெரிய வேறுபாடு என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். தற்செயலாக இப்படி அமைவது அரிது என்பதுதான் அதன் பொருள். வேறுபாடு மிகச் சிறியதாகவும் இருக்கலாம். எனவே அளவைத் தனியாகச் சொல்லியாகவேண்டும்.

இதெல்லாம் தெளிவாக்கும் வேலை. கருத்தைச் சேர்க்கும் பயம் பெயரால் தீராது. எழுதியதைக் கட்டுரையாளர் ஒருவரும், துறைக்கு வெளியே உள்ள ஒருவரும் படித்துப் பார்த்தால்தான் தீரும். வெளியாளிடம் 'புரிகிறதா' என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். 'யாருக்கு, எவ்வளவு பயன்?' என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

---

ஏற்கிறேன். தேடலையும் பார்க்கவேண்டும். 'எளியநடைச் சுருக்கம்' என்பதை ஒற்றோடும் ஒற்றில்லாமலும், சேர்த்தும் பிரித்தும் நான்கு விதமாகத் தட்டச்சுவார்கள். வெறும் 'தெளிவுரை' என்றால் குறளும் நாலடியாரும்தான் வந்து குவியும். ஆகவே 'ஆய்வுத் தெளிவுரை' என்று வைத்துக்கொள்வோம், எழுதுபவர் தெளிவுரையாளர். ஒழுங்குமுறையை மொழிபெயர்க்கும் இடத்தில் மட்டும் 'பொதுவாசகர் சுருக்கம்' இருக்கட்டும், மூலச் சட்டத்திலேயே சுருக்கம் என்றுதான் இருக்கிறது.

---

காணொளியாக வெளியிட்டால்?

---

'உரை' பேச்சையும் குறிக்கும், அம்மா. அதற்கும் இதே சொல் போதும்.