டின்டிங்: 'சாயத்தோய்ப்பு' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மௌனப்படங்களின் படச்சுருளுக்கு நிறமேற்றிய டின்டிங் (tinting) முறைக்குத் தமிழில் 'வண்ணமூட்டல்' என்ற சொல்லே போதும் என்று நண்பர் ஒருவர் நேற்றைய மடலில் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கணினியில் நிறம் கொடுப்பதற்கு அந்தச் சொல் பொருந்தும். மௌனப்படக் காலத்தில் நடந்தது வேறு வேலை. அச்சிட்ட படச்சுருளையே சாயக் கரைசலில் முக்கி எடுத்துக் காயவைத்தார்கள். துணிக்குச் சாயம் தோய்ப்பது நாம் அறிந்த தொழில்தானே? அதனால் 'சாயத்தோய்ப்பு' என்பேன்.

முர்னாவ் இயக்கிய 'நோஸ்ஃபெராட்டு' (1922) நினைவுக்கு வந்ததால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாவலை அனுமதி பெறாமல் எடுத்த படம். ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார். பிரதிகளை அழிக்கும்படி 1925இல் தீர்ப்பானது. தப்பிய பிரதிகளால்தான் இன்று பார்க்கிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் முதலில் பார்த்தது சாயமில்லாத பிரதி. படத்தின் இரத்தக்காட்டேரியான ஆர்லோக் தன் சவப்பெட்டியைத் தானே சுமந்துகொண்டு ஆளில்லாத தெருவில் போகிறான். பட்டப்பகல்! சுவர்களில் வெளிச்சம் அப்பிக் கிடக்கிறது. கடைசியில் அதே ஆள் விடியல் ஒளி பட்டுப் புகையாக மறைகிறான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீட்டெடுத்த பிரதியைப் பார்த்த அன்றுதான் புரிந்தது: அந்தத் தெரு முழுவதும் நீலம். அன்றைய பிலிமுக்கு இரவின் வெளிச்சம் போதாது. பகலில் எடுத்து நீலத்தில் தோய்த்தால் அது இரவு. முடிவில் வரும் விடியலுக்கு இளஞ்சிவப்பு. நாவலின் டிராகுலா பகலிலும் லண்டன் தெருவில் நடமாடுவான், கத்திகளால்தான் மடிகிறான். வெயிலால் அழியும் இரத்தக்காட்டேரி இந்தப் படத்தின் கற்பனை. அந்தக் கற்பனையே சாயத்தை நம்பி நிற்கிறது. சாயம் போனால் கதையும் போயிற்று. இப்படிப்பட்ட ஒரு கலையை, மேலே பூசிய அலங்காரம் போல ஒலிக்கும் சொல்லால் குறிக்க மனம் வரவில்லை.

'நீலத்தோய்ப்பு', 'தோய்ப்புப் பிரதி', 'தோய்க்காத பிரதி' என்று கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன.

படச்சுருளுக்கு நிறம் கொடுக்கும் இன்னொரு முறையான டோனிங்கை (toning) இதோடு குழப்பக் கூடாது. தோய்ப்பில் படத்தின் வெண்பகுதிகள் நிறம் கொள்ளும். டோனிங்கில் வெண்மை அப்படியே இருக்க, கருமையாகத் தெரியும் வெள்ளித் துகள்கள் வேதிமாற்றத்தால் வேறு நிறமாகின்றன. இதற்குப் 'படிமநிறமாற்றம்' என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. ஒளிப்பட இருட்டறையில் வேலை பார்த்தவர்கள் இதை எப்படிச் சொல்வார்கள்? அறிந்தவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்