‘எப்படியும் வாங்கியிருக்க மாட்டேன்’ என்ற வாதம் திருட்டு கேமை நியாயப்படுத்துமா?

கேள்வி: வைகைக்கரை மாணவன்

வணக்கம். நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் விடுதியில் கணினியில் கேம் விளையாடுபவர்களில் பெரும்பாலோர் எதையும் காசு கொடுத்து வாங்கியதில்லை. யாராவது ஒருவர் டோரண்ட் என்ற இணையக் கோப்புப் பகிர்வு வழியில் இறக்குவார். பிறகு அது ஹார்ட் டிஸ்க்கில் அறை அறையாகச் சுற்றி வரும். பள்ளி நாளிலிருந்து நானும் அப்படித்தான் விளையாடி வந்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு சிறிய கேமை விளையாடி முடித்தபோது, இறுதியில் ஓடிய பெயர்ப்பட்டியலில் மூன்றே பெயர்கள் இருந்தன. நூற்றுக்கணக்கான பெயர்கள் ஓடும் பட்டியல்களைப் பார்த்தபோதெல்லாம் ஏற்படாத உறுத்தல் அந்த மூன்று பெயர்களைப் பார்த்ததும் ஏற்பட்டது.

இதை அறைத்தோழரிடம் சொன்னேன். "பெரிய கேம் ஒன்றின் விலை நாலாயிரம் ரூபாய்க்கு மேல். அது என் ஒரு மாத மெஸ் கட்டணம். அந்த விலைக்கு நான் எப்படியும் வாங்கியிருக்க மாட்டேன். ஒருவருடைய சைக்கிளை எடுத்துச் சென்றால் அவருக்குச் சைக்கிள் இல்லாமல் போகும். பிரதி எடுப்பதால் யாருக்கு எது இல்லாமல் போகிறது?" என்று அவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் கேள்விகள் இரண்டு. திருட்டுப் பிரதிகளால் கேம் உருவாக்குபவர்களுக்கு உண்மையிலேயே இழப்பு ஏற்படுகிறதா? இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அது தவறாகுமா?

பதில் 1: நொய்யல் நிரலாளர்

தம்பி, இந்த இரண்டு கேள்விகளையும் நீங்கள் பிரித்துக் கேட்டது நல்லது. பெரும்பாலான விவாதங்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் முடிவில்லாமல் நீள்கின்றன. நான் கோவையில் நால்வர் கொண்ட குழுவில் கேம் உருவாக்குகிறேன். ஆகவே இதில் எனக்குச் சொந்த நலன் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தோழர் சொல்வதில் உண்மை இருக்கும் இடத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இறக்கப்பட்ட ஒவ்வொரு பிரதியும் இழந்துபோன ஒரு விற்பனை என்று போடப்படும் கணக்கு தவறானது. ‘ரிக்கோஷே இன்ஃபினிட்டி’ என்ற கேமை வெளியிட்ட ரிஃப்ளெக்சிவ் என்ற அமெரிக்க நிறுவனம், அதை விளையாடுபவர்களில் 92 விழுக்காட்டினர் காசு கொடுக்காதவர்கள் என்று கண்டது. அங்கே சந்தைப்படுத்தலுக்குப் பொறுப்பாக இருந்த ரஸல் கேரல், ஒவ்வொரு முறை பூட்டை, அதாவது பிரதி எடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பை, இறுக்கியபோதும் விற்பனை எவ்வளவு உயர்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்து, ஏறத்தாழ ஆயிரம் திருட்டுப் பிரதிகளைத் தடுத்தால் ஒரே ஒரு பிரதிதான் கூடுதலாக விற்கிறது என்று 2008ஆம் ஆண்டில் எழுதினார். இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்குப் பிடிக்காத எண் அது. ஆனாலும் அதை மறைப்பது முறையல்ல.

அதே வேளையில், இழப்பு எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை. கிராக், அதாவது பூட்டு உடைக்கப்பட்ட பதிப்பு, எப்போது வெளிவருகிறது என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. டெனுவோ என்ற பாதுகாப்பு மென்பொருளைப் பயன்படுத்திய 86 கேம்களை ஆராய்ந்து வில்லியம் வோல்க்மன் எழுதிய கட்டுரை 2024இல் வெளிவந்தது. கேம் வெளியான முதல் வாரத்திலேயே பூட்டு உடைக்கப்பட்டால் வருவாயில் சராசரியாக 20 விழுக்காடு வரை குறைகிறது என்றும், பன்னிரண்டு வாரங்களுக்குப் பிறகு உடைக்கப்பட்டால் குறிப்பிடத்தக்க இழப்பு எதுவும் இல்லை என்றும் அவர் கண்டறிந்தார். எங்களைப் போன்ற சிறு குழுக்களுக்கு அந்த முதல் சில வாரங்கள்தான் எல்லாமே. அடுத்த கேமுக்கான முதலீடு, வாடகை, சம்பளம் ஆகிய அனைத்தும் அந்த வாரங்களில் வரும் தொகையில்தான் அடங்கியிருக்கின்றன.

இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தவர்கள் கிரீன்ஹார்ட் கேம்ஸைச் சேர்ந்த பாட்ரிக் க்ளுக், டேனியல் க்ளுக் என்ற சகோதரர்கள். 2013 ஏப்ரலில் ‘கேம் டெவ் டைகூன்’ என்ற கேமை எட்டு டாலருக்கும் சற்றுக் குறைவான விலையில், எந்தப் பூட்டும் இல்லாமல் வெளியிட்டார்கள். கேம் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி வளர்ப்பதே அந்த விளையாட்டு. வெளியிட்ட அன்றே அதன் கிராக் செய்யப்பட்ட பதிப்பைப் போன்ற ஒன்றைத் தாங்களே டோரண்ட்டில் ஏற்றினார்கள். அந்தப் பதிப்பில் மட்டும், சிறிது தூரம் சென்ற பிறகு, வீரர் நடத்தும் கற்பனை நிறுவனத்தின் கேம்களை எல்லோரும் திருட்டுத்தனமாக விளையாடத் தொடங்குவார்கள். எவ்வளவு நல்ல கேம் செய்தாலும் நிறுவனம் திவாலாகிவிடும். ஒரு நாள் கழித்துப் பார்த்தபோது, விளையாடிய 3,318 பேரில் 214 பேர் மட்டுமே காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். மற்றவர்களில் சிலர் இணையத்தில் வந்து, திருட்டால் தங்கள் நிறுவனம் மூழ்குவதாகவும் அதைத் தடுக்கும் பூட்டு ஒன்றை ஆராய்ந்து உருவாக்கும் வழி கேமுக்குள் உண்டா என்றும் வருத்தத்துடன் கேட்டார்கள். கற்பனை நிறுவனம் நட்டப்பட்டபோது அவர்களுக்கு வலித்தது என்பதை நான் மறக்கவே இல்லை.

எங்கள் அனுபவத்தையும் சொல்கிறேன். நாங்கள் 199 ரூபாய்க்கு விற்ற கேமின் கிராக் பதிப்பு இரண்டாம் நாளே ஒரு தளத்தில் வந்துவிட்டது. அது நாங்கள் பிழைதிருத்தும் பேட்ச் வெளியிடுவதற்கு முந்தைய பதிப்பு. சேமித்த ஆட்டம் அழிந்துபோகிறது என்று புகார் அஞ்சல்கள் வந்துகொண்டே இருந்தன. வாங்கியவர் யார், வாங்காதவர் யார் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் பதில் எழுதினோம். நால்வரில் ஒருவருடைய இரண்டு வார உழைப்பு அதிலேயே கரைந்தது. பிரதி எடுப்பதால் எதுவும் குறைவதில்லை என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டு வாரம் கண்ணில் படுவதில்லை.

இனி இரண்டாம் கேள்வி. ‘எப்படியும் வாங்கியிருக்க மாட்டேன்’ என்று சொல்பவருக்கு அது உண்மைதானா என்று தெரிய வழியே இல்லை. இலவசப் பிரதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வரை, வாங்கலாமா வேண்டாமா என்று அவர் ஒருபோதும் தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை. இன்று நாலாயிரம் ரூபாய்க்கு விற்கும் கேம் ஓரிரு ஆண்டுகளில் தள்ளுபடியில் ஆயிரத்துக்கும் கீழே வருவது வழக்கம். ஆகவே பலருக்கு உண்மையான தடை பணம் அன்று, பொறுமைதான். கையில் பணமில்லாததற்காக யாரையும் நான் குறைசொல்ல மாட்டேன். நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆனால் காத்திருக்க மனமில்லாததை ஏழ்மை என்று பெயர் சூட்டிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. நகரப் பேருந்தில் டிக்கெட் எடுக்காமல் ஒருவர் பயணம் செய்தால் டீசல் ஒரு சொட்டும் கூடுதலாகச் செலவாவதில்லை. இருந்தும் அதைச் சரி என்று நாம் சொல்வதில்லை. மற்றவர்கள் எடுத்த டிக்கெட்டில்தான் அந்தப் பேருந்து ஓடுகிறது.

பதில் 2: விஸ்வா நதிக்கரைத் தமிழன்

மேலே உள்ள பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ‘காத்திருக்க மனமில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதிக் கதை விடுபட்டுவிடும். வேலை நிமித்தம் ஐந்தாண்டுகளாக வார்சாவில் வசிக்கிறேன். இந்த ஊரின் அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

போலந்தில் மென்பொருளையும் காக்கும் பதிப்புரிமைச் சட்டம் 1994 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்கு முன் வார்சாவின் க்ஷிபோவ்ஸ்கா தெருவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வார இறுதிகளில் கூடிய கணினிச் சந்தையில் பிரதி எடுத்த கேம்கள் வெளிப்படையாக விற்கப்பட்டன. சென்னை பர்மா பஜாரில் திருட்டு விசிடி அடுக்கி வைத்திருந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. அங்கே கேம் விற்ற பள்ளி மாணவர்களில் மார்ச்சின் இவின்ஸ்கி, மிகாவ் கிச்சின்ஸ்கி என்ற இரு நண்பர்கள் இருந்தார்கள். 1994இல் அவர்களே சிடி ப்ராஜெக்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, வெளிநாட்டு கேம்களை முறையாக இறக்குமதி செய்து விற்கத் தொடங்கினார்கள்.

1999இல் ‘பால்டர்ஸ் கேட்’ கேமின் போலிஷ் பதிப்பை அவர்கள் கொண்டுவந்த விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திருட்டுப் பிரதியை விலையில் தோற்கடிக்க முடியாது என்பது, அந்தச் சந்தையிலேயே வளர்ந்த அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே திருட்டுப் பிரதியால் தர முடியாததைத் தந்தார்கள். நாடறிந்த நடிகர்களை வைத்து உரையாடல் முழுவதையும் போலிஷ் மொழியில் பதிவு செய்தார்கள். பெட்டிக்குள் வரைபடம், விதிநூல், இசைத்தட்டு எல்லாம் வைத்தார்கள். கேம் ஐந்து சிடிக்களில் இருந்ததால் திருட்டுப் பிரதியும் அப்படியொன்றும் மலிவாக இல்லை. ஓரிரு ஆயிரம் பிரதிகள் விற்றாலே பெரிதென்றிருந்த சந்தையில் முதல் நாளிலேயே 18,000 பிரதிகள் போயின. அதுவரை திருட்டுப் பிரதியன்றி வேறு எதையும் அறியாதவர்கள்தாம் வரிசையில் நின்று வாங்கினார்கள். அவர்கள் திருடுவதற்கென்றே பிறந்தவர்கள் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிறகு இதே நிறுவனம் ‘தி விட்சர் 2’ என்ற சொந்தக் கேமை 2011 மே மாதம் வெளியிட்டது. கடைகளில் விற்ற பதிப்பில் பூட்டு இருந்தது. அவர்களுடைய ஜிஓஜி இணையக் கடையில் விற்ற பதிப்பில் பூட்டே இல்லை. டோரண்ட்டில் பரவியது எது தெரியுமா? பூட்டு உடைக்கப்பட்ட கடைப் பதிப்புதான். அந்தப் பூட்டு காசு கொடுத்தவர்களின் கணினியில் கேமை மந்தமாக்கியதால், சில நாட்களிலேயே ஒரு பேட்ச் மூலம் அதை நீக்கினார்கள். சுமார் 45 லட்சம் பிரதிகள் திருட்டுத்தனமாக இறக்கப்பட்டிருக்கலாம் என்று இவின்ஸ்கி மதிப்பிட்டார். அப்போது விற்றிருந்தது பத்து லட்சத்துக்குச் சற்று மேல். ஜெர்மனியில் டோரண்ட்டில் இறக்கியதாகக் கருதப்பட்டவர்களுக்கு வழக்கறிஞர் வழியாக இழப்பீடு கேட்டுக் கடிதங்கள் அனுப்பியதையும், தவறு செய்யாத எவராவது சிக்கிவிடக்கூடும் என்ற கண்டனம் எழுந்ததும் 2012 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த பாகத்தை 2015இல் பூட்டில்லாமலே வெளியிட்டார்கள். 2023க்குள் அது ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. திருட்டுப் பிரதி நல்லது என்று நான் சொல்லவில்லை. காசு கொடுத்தவரைச் சந்தேகத்துடன் நடத்தி அதை ஒழிக்க முடியாது என்று சொல்கிறேன்.

பதில் 3: வழக்காடு மன்றம்

சட்டத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 கணினி நிரலைப் பாதுகாக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்துவது 63பி பிரிவின்படி குற்றம்: 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக ஆதாயத்துக்காகச் செய்யப்படவில்லை என்றால், சிறைத்தண்டனை விதிக்காமல் 50,000 ரூபாய்க்கு மிகாத அபராதத்துடன் விடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ‘பரப்புவதுதான் தவறு, விளையாடுவது தவறில்லை’ என்று விடுதிகளில் உலவும் பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

இன்னொன்று. கிராக் கோப்பை இயக்குமுன் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். கிராக் செய்யப்பட்ட கேம்களுக்குள் ஒளிந்திருந்த ‘கிராக்கோநோஷ்’ என்ற தீநிரல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் புகுந்து, உரிமையாளர் அறியாமலே மொனேரோ என்ற மின்நாணயத்தை அந்தக் கணினிகளைக் கொண்டு ஈட்டியதை அவாஸ்ட் நிறுவனம் 2021இல் வெளிப்படுத்தியது. நண்பர்களுக்குள் ஹார்ட் டிஸ்க் சுற்றி வரும் விடுதியில் இது எவ்வளவு விரைவாகப் பரவும் என்று எண்ணிப் பாருங்கள்.

பதில் 4: பழைய கார்ட்ரிட்ஜ்

நொய்யல் நிரலாளர் ஐயா அவர்களின் பேருந்து உவமை, ஓடிக்கொண்டிருக்கும் பேருந்துக்கு மட்டுமே பொருந்தும். நிறுத்தப்பட்ட வழித்தடங்களை என்ன செய்வது? அமெரிக்காவில் வெளிவந்த பழைய கேம்களில் 87 விழுக்காடு இன்று எந்தக் கடையிலும் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. காசு கொடுக்கத் தயாராக இருப்பவருக்கும் அவை கிடைப்பதில்லை. நூலகங்கள் அவற்றைத் தொலைவிலிருந்து ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.

காசு கொடுத்தவர்களின் நிலையும் உறுதியானதன்று. யூபிசாஃப்ட் நிறுவனம் ‘தி க்ரூ’ கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாக விளையாடவும் அந்த சர்வர் தேவை என்பதால், வாங்கி வைத்திருந்தவர்களின் வட்டுகள் அன்றோடு பயனற்றுப் போயின. அதன் பிறகு, விற்ற கேம்களை இப்படி முடக்கக் கூடாது என்று எழுந்த ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்துக்கு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். விற்பனையில் உள்ள கேமைத் திருடுவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் உரிமையாளரே கைவிட்ட கேமைப் பிரதி எடுத்துப் பாதுகாப்பவரையும், நேற்று வெளிவந்த கேமை இறக்குபவரையும் ‘திருடர்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதை என்னால் ஏற்க முடியாது. அந்தப் பிரதிகள் இல்லையென்றால் எங்கள் தலைமுறை விளையாடியவற்றில் பெரும்பகுதி இந்நேரம் சுவடின்றிப் போயிருக்கும்.

நொய்யல் நிரலாளர்

பழைய கார்ட்ரிட்ஜ் ஐயா சொல்வதை ஏற்கிறேன். என் வாதம் இன்று விற்பனையில் இருக்கும் கேம்களுக்கு மட்டுமே. எங்கள் கேமை நாங்கள் விற்பதை நிறுத்தும் நாள் வந்தால், அதை யாரேனும் எடுத்து வைத்திருப்பதை நானே விரும்புவேன்.

வைகைக்கரை மாணவன்

அனைவருக்கும் நன்றி. போலந்துக் கதையை அறைத்தோழரிடம் படித்துக் காட்டினேன். தமிழில் பேசும் கேம் ஒன்று வந்தால் தாமும் வரிசையில் நிற்பேன் என்றார். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்த மூவர் செய்த கேம் இப்போதும் விற்பனையில் இருக்கிறது. விலை 529 ரூபாய். நான் ஏற்கெனவே விளையாடி முடித்துவிட்டேன். இப்போது வாங்கினால் அது கணக்கில் சேருமா?

நொய்யல் நிரலாளர்

சேரும், தம்பி. மூவர் குழுவுக்கு எந்த மாதத்தில் வந்தாலும் அது சம்பளம்தான். தள்ளுபடிக்குக் காத்திருக்காமல் முழு விலைக்கே வாங்குங்கள். நீங்கள்தான் முன்பே விளையாடிவிட்டீர்களே. பிறகு அந்தக் கடைப்பக்கத்தில் நான்கு வரி விமர்சனம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் ஒரு விமர்சனம் வந்திருப்பதைப் பார்த்தால், தமிழ் மொழிபெயர்ப்பு செய்யலாமா என்று அந்த மூவரில் ஒருவராவது யோசிப்பார். எங்கள் குழு கன்னட மொழிபெயர்ப்பைத் தொடங்கியது அப்படி வந்த ஒரே ஒரு விமர்சனத்தைப் பார்த்துத்தான்.