எஃப்-150க்கு லெவலிங் கிட்: ஒன்றரை இன்ச்சா, இரண்டரையா?

பெட்டிவண்டி:
ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன். 2018 ஃபோர்டு எஃப்-150 பிக்கப், ஃபோர் வீல் டிரைவ், 62,000 மைல் ஓடியிருக்கிறது. வாங்கின நாளிலிருந்து ஒரு உறுத்தல். பக்கவாட்டில் நின்று பார்த்தால் மாடு தண்ணீர் குடிக்கக் குனிந்த மாதிரி நிற்கிறது. நேற்று டேப் வைத்து அளந்தேன்: தரையிலிருந்து ஃபென்டர் விளிம்பு வரை முன்னால் 37 இன்ச், பின்னால் 39¼. முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பக்கத்துக்குச் சமமாக்குகிற லெவலிங் கிட் போடலாமா என்று யோசிக்கிறேன். "நல்லாத்தானே இருக்கு" என்கிறாள் மனைவி.

ஸ்ட்ரட் (முன்சக்கரத்தின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலையில் வைக்கிற அலுமினிய ஸ்பேஸர் வட்டு மலிவு. உயரத்தை மாற்றி வைக்கக்கூடிய பில்ஸ்டைன் 5100 ஷாக் அதைவிடப் பல மடங்கு விலை. பழைய ஸ்ட்ரட்டில் இன்னும் கசிவு இல்லை. விசாரித்த கடையில் "இரண்டரை இன்ச் போட்டுடலாம், அலைன்மென்ட் எல்லாம் தேவையில்லை" என்றார்கள். சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யாமல் எப்படி? அதுதான் இடிக்கிறது. மாதம் ஒரு தடவை 4,800 பவுண்ட் கேம்பர் டிரெய்லர் இழுப்பேன். எது எடுக்கலாம்?

கராஜ் சித்தப்பா:
தம்பி, அந்தக் கடைப் பக்கமே போகாதீங்க. நானும் இரண்டரை போட்டுவிட்டு, அலைன்மென்ட்டை அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டவன்தான். ஐயாயிரம் மைலில் டயர் சொல்லிவிட்டது. ட்ரெட் மேல் உள்ளங்கையை ஒரு பக்கமாகத் தள்ளினால் வழுக்கும், திருப்பி இழுத்தால் ரம்பம் மாதிரி கீறும். டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு, கெட்டுப்போனால் அப்படித்தான். இரண்டு டயர் காசு போச்சு.

கிட் பெட்டிக்குள் இருக்கிற ஸ்பேஸர் வட்டு, பெட்டி மேலே எழுதின உயரத்தில் கிட்டத்தட்ட பாதிதான் இருக்கும். ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போகாதீங்க. ஸ்ட்ரட், சக்கரத்தைத் தாங்குகிற கீழ் ஆர்மின் நடுவில் பிடித்திருப்பதால், அங்கே ஒரு இன்ச் என்றால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு. ஸ்பிரிங்கை அழுத்திச் செருகுகிற வகை ஸ்பேஸர் மட்டும் வேண்டவே வேண்டாம். சக்கரம் கீழே தொங்க இடம் குறைந்துவிடும். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது டொக்கென்று அடிக்கும். இரண்டரைக்குப் போனால் சக்கரத்தைச் சுழற்றுகிற சி.வி. ஆக்சிலும், சக்கரத்தை மேல் ஆர்மோடு இணைக்கிற பால் ஜாயின்ட்டும் எந்நேரமும் சாய்ந்தே வேலை செய்யும், அதையும் யோசிங்க.

பனிக்காடு:
நான் அல்பேர்ட்டாவில் இருக்கிறேன், சில்வராடோ 2500எச்டி ஓடுகிறேன். அதன் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கிக்கொள்கிற டோர்ஷன் பார், ஸ்பேஸர் கதையே இல்லை. அது கிடக்கட்டும். தம்பி, ட்ரெய்லரைப் பூட்டி அளந்தனீங்களா? வெறும் வாகனத்தை அளந்து என்ன பிரயோசனம்? பாரம் ஏறினால் பின்பக்கம் பதியும் என்றுதானே கொம்பனிக்காரன் அதை உயர்த்தி விட்டிருக்கிறான். 4,800 இறாத்தல் ட்ரெய்லர் என்றால் ஹிட்ச்சில் (ட்ரெய்லரைப் பூட்டும் இடத்தில்) 480 முதல் 720 வரை குந்தும். அதோடு முன்பக்கத்தையும் தூக்கிவிட்டால் உங்கட லைட் எதிரே வருகிறவனின் கண்ணுக்குள்ளேதான். ஏச்சு வாங்குவீர்கள்.

பெட்டிவண்டி:
அண்ணே, அது எனக்குத் தோன்றவே இல்லை. இன்று காலை டிரெய்லரை மாட்டி, தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பி அளந்தேன். முன்னால் 37½, பின்னால் 37¼. மாடு தலையைத் தூக்கிவிட்டது! கராஜில் தூசி படிந்து கிடந்த, பாரத்தை முன்சக்கரங்களுக்கும் பகிர்கிற வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சைத் தேடியெடுத்து, அதன் இரும்புப் பார்களை இழுத்துக் கட்டின பிறகு முன் 37¼, பின் 37¾.

கராஜ் சித்தப்பா:
அப்போ இரண்டரையை மறந்துடுங்க. 62,000 மைல் ஆன ஸ்ட்ரட்டை இன்று கழற்றி ஸ்பேஸர் போட்டு, நாளைக்கு அது கசிய ஆரம்பித்தால் மறுபடியும் அதே கூலிதான். பொறுத்திருந்து, மாற்றுகிற அன்றைக்கே 5100 வாங்கி, ஒரு இன்ச் கிட்ட உயர்த்துகிற பள்ளத்தில், ஸ்பிரிங் தட்டைத் தாங்குகிற கிளிப்பை வைக்கச் சொல்லுங்க. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிற கம்ப்ரெஸர் வேலை, வீட்டில் நீங்களே இறங்காதீங்க. அன்றைக்கே அலைன்மென்ட். ராத்திரி கராஜ் கதவுக்கு 25 அடி தள்ளி நிறுத்தி ஹெட்லைட்டையும் இறக்கிவிடுங்க.

பெட்டிவண்டி:
சரி சித்தப்பா. ஒரு இன்ச் போதும். பார்களை இனி ஒவ்வொரு தடவையும் கட்டுகிறேன். மனைவியிடம் ஸ்ட்ரட் தேய்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லப்போகிறேன்.