எண்ணெய் தேய்த்தால் இரண்டு நாள்தான் நிம்மதி: நாள்பட்ட இடுப்பு வலிக்கு என்ன செய்யலாம்?

கேள்வி
திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் 11 ஆண்டுகளாக ஓவர்லாக் மிஷினில் தைத்து வருகிறேன். 8 மாதங்களாக இடுப்பு வலிக்கிறது. ஸ்கேன் பார்த்த மருத்துவர், அறுவைச் சிகிச்சை செய்யும் அளவுக்குக் கோளாறு எதுவும் இல்லை என்று கூறிவிட்டார். ஞாயிறுதோறும் எண்ணெய் தேய்த்து நீவிவிடச் சொன்னால் செவ்வாய்வரை உடம்பு லேசாக இருக்கிறது, புதனன்று வலி திரும்பிவிடுகிறது. பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தந்த பயிற்சிகளைச் செய்தாலோ வலி கூடுகிறது என்பதால் நான்காம் நாளே விட்டுவிட்டேன். நீவுவதை மட்டும் தொடர்ந்தால் போதாதா?

பதில் 1
நான் பிசியோதெரபிஸ்ட். 3 மாதங்களைத் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அந்நிலையில் நரம்பு மண்டலம் சிறிய அசைவைக்கூட ஆபத்தாக எடுத்துக்கொள்வதுண்டு. ஆகவே பயிற்சியின்போது வலிப்பதாலேயே உள்ளே ஏதோ கெட்டுப்போகிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. கூடிய வலி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அளவு சரி. இறங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை ஊன்றி இடுப்பைத் தூக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தும் பயிற்சியை முதலில் நான்கு முறை மட்டும் செய்யுங்கள். நீவுதல் இறுக்கத்தைத் தளர்த்தி வலியைச் சற்றே அடக்குமே தவிர, தசைக்கு வலுவேற்றாது. உடம்பு லேசாக இருக்கும் அந்த இரண்டு நாட்களில்தான் பயிற்சியைத் தொடங்க வேண்டும்; நீங்கள் அவற்றை ஓய்விலேயே கழிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

பதில் 2
உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சி, மசாஜ் இரண்டுமே இருக்கின்றன. இடுப்பு பெல்ட்டை வழக்கமாகத் தர வேண்டாம் என்றும் அதில் உள்ளது. நானும் ஓராண்டு பெல்ட் கட்டிக்கொண்டு திரிந்தவன்தான். அதைக் கழற்றிய பிறகுதான், குனிந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கக்கூட எவ்வளவு பயந்துபோயிருந்தேன் என்பது தெரிந்தது.

பதில் 3
முதுகெலும்பின்மேல் ஏறி மிதிக்கச் சொல்லும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதற்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, நீவுவதற்குப் போகாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்
அப்படி எதுவும் இல்லை, நன்றி. ஞாயிறன்று தேய்த்துக் குளித்ததும் தூங்கிவிடுவது உண்மைதான். இந்த வாரம் தூங்குவதற்கு முன் நான்கு முறை இடுப்பைத் தூக்கினேன். திங்கள் காலை வலி கூடவில்லை. ஆனால் மிஷினில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஆனதும் வந்துவிட்டது. இடையே எழுந்து நிற்க சூப்பர்வைசரிடம் எப்படிக் கேட்பது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.