கில்பர்ட் திவாலானது யாரால்?

மெழுகுக்கரு: லண்டன் பிக்காடில்லி சர்க்கஸ் ஷாஃப்ட்ஸ்பரி நீரூற்றுக்கு (1893) ஆங்கிலேயச் சிற்பி ஆல்ஃபிரட் கில்பர்ட் பேசிய தொகை 3,000 பவுண்டு, ஆன செலவு 7,000. 1901இல் மஞ்சக் கடுதாசி. ஆனாலும் எல்லோரும் நீரூற்றைச் செய்யச் சொன்ன நினைவுக்குழுவைத்தான் திட்டுகிறார்கள். மதிப்பீடு போடத் தெரியாத சிற்பி, அவ்வளவுதான்.

களிமண்: குழுவுக்குப் பங்கே இல்லையா? அவர் கேட்டதைவிடத் தொட்டி சிறிதானது. பீய்ச்சிய தண்ணீர் வழியே போகிறவர்கள் மேல் தெறித்தது.

மெழுகுக்கரு: தொட்டி சிறிதானால் செலவு குறையத்தானே வேண்டும்?

களிமண்: செலவு அளவில் இல்லை ஐயா, வடிவத்தில். அடிப்பகுதி முழுக்க மீனும் சிப்பியுமாக உள்வாங்கிய வளைவுகள். மணல் அச்சென்றால் ஒவ்வொரு குழிவுக்கும் தனித் துண்டு செய்து பொருத்த வேண்டும். மெழுகு உருவத்தைச் சுற்றிக் கூடு கட்டி, மெழுகை உருக்கி ஓட்டி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுகிற மெழுகு வார்ப்பில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஒரு மெழுகுக்கு ஒரே வாய்ப்பு. மெழுகு உருகி ஓடியதும், சிலை உள்ளே பொள்ளலாக இருக்க வைத்த உள்கரு அந்தரத்தில் நிற்கும். குறுக்கே ஆணி செருகிப் பிடிக்காவிட்டால் சாயும். சாய்ந்த பக்கம் ஓட்டை, எதிர்ப்பக்கம் தடிப்பு. கூட்டில் ஈரம் மிச்சமிருந்தால் உலோகம் கொதித்துத் தெறிக்கும். விரல்நுனி, இறகுநுனிக்குக் காற்றுப்போக்கி வைக்காவிட்டால் உலோகம் அங்கே எட்டாது. 1884இல் தன் இக்காரஸ் சிலையை இத்தாலியின் நேப்பிள்ஸில் டி ஆஞ்சலிஸ் பட்டறைக்குக் கொண்டுபோய் வார்த்தது சும்மாவா? இங்கிலாந்துப் பட்டறைகளுக்கு அப்போது மணல்தான் கைவந்தது.

துருத்தி: நடுவே ஒன்று. நீரூற்றின் உச்சி உருவத்தை எல்லோரும் கிரேக்கக் காதல் தெய்வம் ஈராஸ் என்கிறார்கள், அது அவன் சகோதரன் ஆன்டெராஸ். வெண்கலமும் அல்ல, அலுமினியம். சிறகு விரித்து ஒற்றைக்காலில் முன்சாய்ந்து நிற்கிறான். வெண்கலம் கன செ.மீ.க்குச் சுமார் 8.8 கிராம், அலுமினியம் 2.7. அதே கனத்தில் வார்த்தால் கணுக்காலுக்கு மூன்றில் ஒரு பங்குச் சுமைதான். ஒரு சிக்கல்: அடியிலுள்ள வெண்கலமும் இந்த அலுமினியமும் தொடும் இடத்தில் மழைநீர் தேங்கினால் அரிபடுவது அலுமினியம்தான்.

மெழுகுக்கரு: அது அருமையான யோசனை, மறுக்கவில்லை. விக்டோரியா அரசியின் பேரன் கிளாரன்ஸ் கோமகன் கல்லறைக்கு என்ன சொல்வீர்கள்? 1892இல் வின்ட்சர் அரண்மனைக்காக வந்த வேலை. சுற்றிலும் 12 புனிதர்களின் சிற்றுருவங்கள். வேலை முடியுமுன்பே அவற்றில் சிலவற்றின் பிரதிகளை வெளியே விற்றார், அரச குடும்பம் கொதித்தது. இதற்கும் குழுவா காரணம்? 1908இல் ராயல் அகாடமியைவிட்டும் விலக நேர்ந்தது.

களிமண்: கடன் நெரித்தவர் விற்றார். சரியென்று சொல்லவில்லை. ஆனால் 1926இல் வெளிநாட்டிலிருந்து இங்கிலாந்து திரும்பி அதே கல்லறையை 1928இல் முடித்துக் கொடுத்தார். 1932இல் அலெக்சாண்ட்ரா அரசி நினைவுச்சின்னம், அதே ஆண்டு சர் பட்டம். அப்போது வயது 77. கை தளரவில்லை.

மெழுகுக்கரு: ஒரு கல்லறைக்கு 36 வருடம்! கையை யார் குறை சொன்னது? நான் கேட்டது கணக்கு.