மாரிஸ் மைனர் ஹீட்டர் ஹோஸ் இணைப்பு: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் என் தந்தையார் விட்டுச்சென்ற 1958ஆம் ஆண்டு மாரிஸ் மைனர் காரில், எஞ்சினின் சுடுநீரால் காருக்குள் வெப்பம் தரும் ஹீட்டர் சூடாவதேயில்லை. எஞ்சின் 948 சிசி. மார்கழியில் அம்மாவை அதிலேயே கொடைக்கானலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதால் இரண்டு வாரங்களாக முயல்கிறேன். எஞ்சின் நன்கு சூடேறிய பிறகும், சிலிண்டர் ஹெட்டின் (எஞ்சினின் மேற்பகுதி) பின்புற வால்விலிருந்து ஹீட்டருக்கு வரும் ஹோஸ் மட்டுமே சுடுகிறது. திரும்பிச் செல்லும் ஹோஸ் குளிர்ந்தே கிடக்கிறது. வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், ஹீட்டருக்குள் தண்ணீர் பாய்ச்சியபோது தடையின்றி ஓடியது, எஞ்சின் நீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் புதியது.

முன்பு பழுதுபார்த்தவர் திரும்பும் ஹோஸை ரேடியேட்டரின் மேல் ஹோஸில் இணைத்திருக்கிறார். வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கமான கீழ் ஹோஸில் சேர்த்தால்தான் நீரோட்டம் வரும் என்பது என் கணிப்பு; ஆனால் என்னிடமுள்ள கீழ் ஹோஸில் கிளைக்குழாய் இல்லை. அதை நடுவில் வெட்டி, அரை அங்குலக் கிளையுள்ள உலோக இணைப்பைப் பொருத்தினால் மலையேற்றச் சூட்டில் கசியாமல் நிற்குமா?