ரீஎன்ட்ரன்ட் கார்னர்: ‘உள்மூலை’ போதாது, ‘கக்கமூலை’ சரியா?

நண்பர்களே,

கான்கிரீட் தளத்திலும் உத்திரத்திலும் விளிம்பு உள்ளே திரும்பும் மூலைக்கு ஆங்கிலத்தில் ரீஎன்ட்ரன்ட் கார்னர் என்று பெயர். அங்கே கிளம்பும் கிராக்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: உள்மூலை விரிசல், உட்புகு மூலை விரிசல், பின்வளை மூலை விரிசல். ‘விரிசல்’ பற்றிப் பேச ஒன்றுமில்லை, அது நிலைத்துவிட்ட சொல். என் தகராறு மூலையோடுதான்.

உள்மூலை என்றால் எந்தக் கொத்தனாரும் அறையின் மூலையைத்தான் காட்டுவார். அவர் நிற்பது அறைக்குள். நமக்கு வேண்டியதோ கான்கிரீட்டின் பக்கம் நின்று அளக்கும் மூலை. ‘ட’ வடிவில் ஒரு மொட்டைமாடித் தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளி முனைகளில் கான்கிரீட் 90 பாகை இருக்கும். இரண்டு கைகளும் சேரும் மடக்கில் 270 பாகை. படிக்கட்டுக்கு விட்ட திறப்பின் நான்கு மூலைகளும் இதே சாதிதான். நம் கண்ணுக்கு அது 90 பாகைச் சதுர ஓட்டை, தளத்துக்கு அது நான்கு 270.

உட்புகு மூலையில் எது எதற்குள் புகுகிறது என்று யாராவது கேட்டால் ஆங்கிலத்தைக் காட்டித்தான் விளக்கவேண்டும். பின்வளை கோணம் பாடநூலில் 180 பாகைக்கு மேற்பட்ட கோணத்துக்கு ஏற்கெனவே இருக்கும் பெயர், கணக்குப்படி துல்லியம். ஆனால் காதில் ‘வளை’ விழுகிறது. இங்கே வளைவே இல்லை என்பதுதானே வினை? இழுவிசை தாங்கும் தகட்டில் சிறிய வட்டத் துளை போட்டாலே விளிம்பில் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை) மூன்று மடங்காகும் என்று ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் 1898இல் காட்டினார். துளைக்குக் கூர்மூலை வந்தால் இன்னும் ஏறும். பொருள் விரிசல் விடாமல் ரப்பர்போல் மீளும் என்று வைத்துப் போடும் மீட்சியியல் கணக்கில் அதற்கு எல்லையே கிடையாது. கான்கிரீட் அவ்வளவு தூரம் காத்திருக்காது, விரிசல் விட்டுச் சுமையைத் தணித்துக்கொள்ளும்.

சென்ற மாதம் மைத்துனர் வீட்டு மாடியில் இதைக் கிட்ட இருந்து பார்த்தேன். ‘ட’ வடிவத் தளம், ஒரு கை ஏறத்தாழ 10 மீட்டர். மடக்கு மூலையில் கிளம்பிய விரிசல் 45 பாகையில் ஒன்றரை முழம் ஓடி மயிரிழையாக மறைந்தது. மூலைப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அட்டை லேசாக நுழைந்தது. பொதுவான இடங்களில் இந்தியக் கான்கிரீட் நெறிமுறையான ஐஎஸ் 456 அனுமதிக்கும் 0.3 மி.மீ. விரிசல் அகலத்தைத் தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். வடிவமைப்புக்கு அதே நெறிமுறை எடுத்துக்கொள்ளச் சொல்லும் மொத்தச் சுருக்கத் திரிபு (கான்கிரீட் இறுகிக் காயும்போது நீளத்தில் எவ்வளவு பங்கு சுருங்கும் என்ற அளவு) 0.0003, அதாவது 10 மீட்டருக்கு 3 மி.மீ. கீழே சுவரும் உத்திரமும் பிடித்துக்கொண்டிருக்க, இரண்டு கைகளும் ஆளுக்கொரு திசையில் சுருங்கப் பார்த்தால் மடக்கு என்ன செய்யும்?

மூலையில் குறுக்குக் கம்பி போட்டிருந்தார்களாம். மைத்துனர் செல்பேசியில் இருந்த பழைய படத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்தது: கம்பி விரிசல் போன வழியிலேயே படுத்திருக்கிறது! அது விரிசலை வெட்டிக்கொண்டு போயிருக்கவேண்டும். அப்படிப் போட்டாலும் விரிசல் வராமலே போய்விடாது, அகலாமல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் போட்டிருந்த ஜிப்பாவின் பக்கவாட்டுத் திறப்பு முடியும் இடத்தில் தையல்காரர் ஒரு சின்ன முக்கோணத் துணி வைத்துத் தைத்திருந்தார். கிழிசல் அங்கேதான் தொடங்கும் என்பது அவருக்குத் தெரியும். சட்டையிலும் முதலில் விட்டுப்போவது அக்குள்தான். அங்கிருந்துதான் இந்தச் சொல் தோன்றியது: கக்கமூலை.

கை உடம்போடு சேரும் மடக்கு கக்கம். இலைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட மடக்கையும் இலங்கைத் தமிழில் கக்கம் என்றே எழுதுகிறார்கள், அங்கே வருவது கக்கவரும்பு. ஆக, உடற்பெயரை அறிவியலுக்குக் கடன்வாங்குவது புதிதல்ல. கக்கமூலை, கக்க விரிசல், கக்கக் கம்பி என்று கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன.

உத்திரத்துக்கு இது பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பொருந்தும். முனையில் பாதித் தடிமனைக் குறைத்து இன்னொன்றின் மேல் உட்காரவைக்கும் உத்திரத்தில், வெட்டிய இடமே கக்கம். மாடித் தளம் விரிந்தால் மழைக்கு ஒழுகும், இங்கே விஷயம் ஒழுகலோடு நிற்காது. 2006 செப்டம்பர் 30 அன்று கனடாவின் லவால் நகரில் இவ்வகை மூட்டு கொண்ட மேம்பாலம் இடிந்து 5 பேர் இறந்தார்கள். மூட்டுப் பகுதியில் கம்பிகள் வைக்கவேண்டிய விதத்தில் வைக்கப்படவில்லை என்பது விசாரணையில் தெரிந்த காரணங்களில் ஒன்று.

‘கக்கம்’ பாடநூலில் வந்தால் மாணவர்கள் சிரிப்பார்கள் என்று ஆட்சேபம் வரும். சிரிக்கட்டும், மறக்கமாட்டார்கள். கூச்சமாக இருந்தால் ‘மடக்கு மூலை’ என்று வைத்துக்கொள்ளலாம், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் மடக்கு என்றதும் மடக்குக் கத்தி, மடக்கு நாற்காலி என்று மடங்கி விரிவதெல்லாம் நினைவுக்கு வருகிறது. தளம் மடங்காது.

இன்னொன்று. அந்தக் குறுக்குக் கம்பிக்குக் கம்பி கட்டுபவர்கள் தங்களுக்குள் ஏதாவது பெயர் வைத்திருக்கிறார்களா? நான் விசாரித்த இருவரும் ‘கிராஸ் கம்பி’ என்று முடித்துக்கொண்டார்கள். தெற்கே வேறு சொல் இருந்தால் எழுதுங்கள், ‘கக்கக் கம்பி’யை உடனே திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.